ஒரு சுடரும் நாலு பேரும்

1998ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் தேதி, திங்கட்கிழமை, கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பெய்யத் தொடங்கிய மழை, சூறைக்காற்றையோ பிரளய வெள்ளத்தையோ துணைக்கு அழைத்துக்கொண்டு வந்த மழையன்று. வெகு சாதுவாக, விட்டு விட்டு, ஏறத்தாழ ஐந்து தினங்கள் பெய்த மழை. ஆனால் பூமியை ஒட்டிக் கடுங்குளிர்க் காற்றும், அதன் தலைக்கு மேலே தெற்கிலிருந்து வந்த வெதுவெதுப்பான காற்றும் அடுக்காகப் படிந்து நின்ற அந்நாட்களில், மேலடுக்கில் நீராக உருகிய ஒவ்வொரு துளியும் கீழடுக்கைக் கடந்து வருகையில் உறைநிலைக்குக் கீழே குளிர்ந்துபோயும், உறைவதற்கு அவகாசம் கிடைக்காமல் நீராகவே இறங்கி, மரக்கிளையாயினும் மின்கம்பியாயினும் எதன்மேல் விழுந்ததோ அதன்மேல் விழுந்த கணத்திலேயே பளிங்காக உறைந்தது. மொன்றியால் நகரத்துக்குத் தெற்கே சில இடங்களில் இவ்விதம் இறங்கியது 100 மில்லிமீட்டர் அளவை எட்டிற்று. கம்பிகளின்மேல் அங்குலக் கணக்கில் பனிக்கட்டி ஏறவே, அந்தப் பாரத்தைத் தாங்கமாட்டாமல் சுமார் 30 ஆயிரம் மரக்கம்பங்கள் முறிந்தன. உயர் அழுத்த மின்சாரத்தைச் சுமந்து நின்ற எஃகுக் கோபுரங்கள் நூற்றுக்கணக்கில், ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு, மடிந்து விழுந்தன. கியூபெக்கில் மட்டும் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள் இருளில் அகப்பட்டார்கள். சிலருக்கு இரண்டொரு நாளில் விளக்கு வந்தது. சென் யசிந்த், கிரான்பி, சென் ஜான் சூர் ரிஷலியூ என்னும் மூன்று ஊர்களுக்கு இடைப்பட்ட பிரதேசத்திலோ, கறுப்பு முக்கோணம் என்றே அதற்குப் பெயராகிவிட்டது, சில வீடுகளில் விளக்கெரிய ஒரு மாத காலம் ஆயிற்று.

விளக்கு அணைந்தது என்று மட்டும் சொன்னால் சங்கதியில் பாதியைத்தான் சொன்னதாகும். கியூபெக் பெருநதிகளின் நாடு. 1963இல் மின்சாரத்தைத் தேசியமயமாக்கி, வடக்கே ஜேம்ஸ் விரிகுடா வரையில் அணைகளைக் கட்டி, மலிவான நீர்மின்சாரத்தை வீடுதோறும் கொண்டு சேர்த்ததைத் தன் சரித்திரத்தின் பெருமைகளுள் ஒன்றாக எண்ணும் நாடு. மலிவான மின்சாரம் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கும்போது விறகை வெட்டி அடுக்கி, புகைபோக்கியைத் துடைத்து, சாம்பலை அள்ளிக்கொண்டிருக்க யாருக்கு மனம் வரும்? ஆதலின் பெரும்பாலான வீடுகளில் அறைகளுக்குச் சூடேற்றுவதும் மின்சாரமாகவே ஆகிவிட்டிருந்தது. கம்பி அறுந்ததும் ஒளி போயிற்று. ஒளியோடு கூட வெப்பமும் போயிற்று. மழை நின்ற பின் வானம் தெளிந்து குளிர் இன்னும் கடுமையாயிற்று. 9ஆம் தேதி வெள்ளிக்கிழமையன்று மொன்றியாலின் குடிநீர் நிலையங்களுக்குக்கூட மின்சாரம் நின்று, நகரமே குழாய்த் தண்ணீர் இல்லாமல் போகுமோ என்னும் அபாயம் நெருங்கியது. ஏறத்தாழ 16 ஆயிரம் ராணுவத்தினர் உதவிக்கு இறங்கினார்கள். மாகாணப் பிரதமர் லூசியன் பூஷாரும், மின்வாரியத் தலைவர் ஆந்த்ரே கய்யேயும் தினந்தோறும் நிருபர்கள் முன் தோன்றி நிலவரத்தை விளக்கினார்கள். கய்யே அணிந்துவந்த, கழுத்தை முழுவதும் மூடிய வெள்ளைக் கம்பளிச் சட்டை அந்த நாட்களின் அடையாளமாகவே ஜனங்கள் மனத்தில் பதிந்துவிட்டது. ராஜதந்திரத்தில் உடைக்கு உள்ள மகிமையைப் பற்றி யாரேனும் ஆராய்ச்சி செய்ய விரும்பினால் அந்தச் சட்டையிலிருந்தே தொடங்கலாம்.

இவ்வளவும் சரித்திரம். பத்திரிகைகள் அப்போதே இவற்றை விஸ்தாரமாக எழுதிவிட்டன. நான் கேட்க விரும்புவது சிறிய கேள்வி. ஜனவரியில் மொன்றியாலில் மாலை நாலரை மணிக்கெல்லாம் சூரியன் அஸ்தமித்துவிடுகிறான். அந்நேரம் முதல் உறக்கம் வரும் வரையில், தொலைக்காட்சி இல்லை, அடுப்பு இல்லை, பள்ளிக்கூடம் இல்லாததால் பிள்ளைகளுக்கு வீட்டுப் பாடமும் இல்லை என்றிருக்கிற ஐந்தாறு மணி நேரத்தை ஒரு குடும்பம் எவ்விதம் கழிக்கிறது? புத்தகம் படிக்கலாம், ஏதேனும் விளையாடலாம் என்று எளிதாக விடை சொல்லிவிடுவோம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது வழக்கமாகிவிட்டதே தவிர, மின்சாரம் போன இரவில் இவ்விரண்டும் சமமானவை அல்ல. அந்த அசமத்துவத்தில்தான் எனக்கு ரசம் இருக்கிறது.

கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். ஒரு சாதாரண மெழுகுவர்த்தி தருகிற ஒளி சுமார் 12 லூமன். பழைய காலத்து 60 வாட் குமிழ் ஒன்று தருவது சுமார் 800 லூமன். அதாவது, நாம் அலட்சியமாகச் சுவிட்சைத் தட்டி ஏற்றிக்கொண்டிருந்த ஒரு குமிழுக்கு ஈடுகட்ட 60க்கும் மேற்பட்ட மெழுகுவர்த்திகளை ஒரே அறையில் ஏற்றவேண்டும். இது ஒருபுறமிருக்க, சுடரை விட்டு விலக விலக ஒளி குறைகிற வேகம் நாம் மனத்தில் எண்ணிக்கொள்வதைக் காட்டிலும் அதிகம்: ஓரடி தூரத்தில் ஒரு பங்கு என்றால் ஈரடி தூரத்தில் நாலில் ஒரு பங்கு, மூன்றடி தூரத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான். ஆகவே மெழுகுவர்த்தியில் ஒருவர் புத்தகம் படிக்கவேண்டுமானால் சுடருக்கு ஓரடிக்குள் பக்கத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவ்வாறு பிடித்த மாத்திரத்தில் அவருடைய தலையும் தோளும் புத்தகமும் சேர்ந்து மற்றவர்களுக்குப் போகவேண்டிய வெளிச்சத்தை மறைத்துவிடும். நாலு பேர் நாலு புத்தகம் படிக்க நாலு சுடர் வேண்டும். நாலு பேர் ஒரு பலகையைச் சுற்றி உட்கார்ந்து விளையாட ஒரே சுடர் போதும். எந்தக் கடையும் திறவாத வாரத்தில், மெழுகுவர்த்திப் பெட்டியில் மிஞ்சியிருப்பதை எண்ணிப் பார்க்கிற தாய் எதைச் சிபாரிசு செய்வாள் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

மின்சாரம் மனிதர்களை அறை அறையாகப் பிரித்துவைத்தது. குமிழ் எத்தனை உண்டோ அத்தனை ஏகாந்தம். தந்தை கூடத்தில், தாய் சமையலறையில், பிள்ளை மாடியில் என்றிருந்த குடும்பத்தை, விறகடுப்பு உள்ள ஒரே அறையும் சுடர் எரிகிற ஒரே மேஜையும் கழுத்தைப் பிடித்து இழுத்து ஓரிடத்தில் உட்கார்த்திவிட்டன. இதைப் பாசத்தின் பெருக்கம் என்று வர்ணிப்பவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு தூரம் போக மனம் இல்லை. குளிர் தாங்காமல் கூடினார்கள், கூடிய பின் என்ன செய்வதென்று தெரியாமல் பலகையை எடுத்தார்கள் என்று சொல்வதே யதார்த்தத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

கனடிய வீடுகளில் அவ்விதம் எடுக்கப்படும் பலகைகளுள் ஒன்றைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்ப்பது பயனுள்ளது. குரோக்கினோல் என்பது அதன் பெயர். நம் கேரம் பலகைக்குத் தூரத்து உறவு என்று சொல்லத்தக்கது. வட்டமான மரப்பலகை, ஆடுகிற பரப்பு இரண்டடிக்குச் சற்று மேற்பட்ட விட்டம், மெழுகு தேய்த்து வழுவழுப்பாக்கியது. நடுவில் ஒரு காய் மட்டும் சரியாக இறங்கி அமரக்கூடிய ஆழமில்லாத குழி. அதில் விழுந்த காய்க்கு 20. குழியைச் சுற்றி ஒன்றுக்கு வெளியே ஒன்றாக மூன்று வட்டங்கள். அவற்றுக்கு 15, 10, 5. உள்வட்டத்தின் விளிம்பில் எட்டு முளைகள், துவாரபாலகர்களைப் போல. ஆட்டக்காரர் தம் பக்கத்துக் கோட்டில் காயை வைத்து விரலால் சுண்டிவிடுகிறார். கேரத்தில் உள்ளது போன்ற அடிகாய் இதில் கிடையாது. சுண்டிய காயே அங்கே தங்கிவிடுகிறது. எதிராளியின் காய் ஏதேனும் பலகையில் கிடக்குமானால் அதைத் தொட்டே ஆகவேண்டும், தொடாத காய் பலகையை விட்டு நீக்கப்படும் என்னும் ஒரு நிபந்தனைதான் இந்த ஆட்டத்தின் உயிர்நாடி. சாதுவாகத் தன் காயை நடுவில் கொண்டு சேர்க்கலாமென்று நினைக்கிற நல்ல மனிதரையும் அது சண்டைக்காரராக்கிவிடுகிறது. இன்று அறியப்பட்டுள்ள பலகைகளுள் மிகப் பழையது, ஒன்டாரியோ மாகாணத்தில் 1876ஆம் ஆண்டு எக்கார்ட் வெட்லாஃபர் என்பவர் தம்முடைய மகனின் ஐந்தாம் பிறந்த நாளுக்காகச் செய்துகொடுத்தது. மின்குமிழ் சந்தைக்கு வருவதற்கு முந்திய காலத்துப் பலகை அது. எண்ணெய் விளக்கின் அடியில் ஆடுவதற்கென்றே பிறந்தது என்றும் சொல்லலாம். காய் முளையில் மோதுகிற ஓசையும் குழியில் இறங்குகிற ஓசையும் வெவ்வேறு. மங்கிய வெளிச்சத்தில் கண் தவறவிட்டதைக் காது சொல்லிவிடும்.

துண்டுப் படங்களை இணைத்து ஒரு பெரிய படமாக்கும் பொழுதுபோக்கும் அந்நாட்டில் பிரசித்தம். ஆயினும் மெழுகுவர்த்தியின் மஞ்சள் ஒளியில் நீலத்துக்கும் பச்சைக்கும் பேதம் தெரியாதாகையால் அதைப் பகல் வேளைக்கு விட்டுவிடவேண்டியதுதான். எழுத்துக்களைக் கோத்துச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள், காய்கள் காணாமற்போகும் ஆட்டம். இருட்டில் கேட்கவே வேண்டாம். அதிலும் ஒரு நன்மை விளைந்ததுண்டு. 1979ஆம் ஆண்டு டிசம்பரில் இதே மொன்றியால் நகரில், பத்திரிகைத் தொழிலில் இருந்த கிறிஸ் ஹேனி, ஸ்காட் அபட் என்ற இரண்டு நண்பர்கள் ஸ்கிராபிள் ஆட உட்கார்ந்து, காய்கள் சில குறைவதைக் கண்டு, நாமே ஓர் ஆட்டத்தை உண்டாக்கினால் என்ன என்று பேசிக்கொண்டதிலிருந்து டிரிவியல் பர்சூட் என்னும் வினாவிடை ஆட்டம் பிறந்தது என்று அதன் கதையைச் சொல்வார்கள். ஐந்தே ஆண்டுகளில் அது கோடிக்கணக்கில் விற்றது. வினாக்களை ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் விடை சொல்லும் அந்த ஆட்டத்துக்கும் ஒரு சுடரே போதும் என்பதை இங்கே குறித்துக்கொள்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

அந்த 1998இல் மொன்றியால் நகரத்தில் ஆயிரக்கணக்கான ஈழத் தமிழர்கள் குடியேறி வாழ்ந்துகொண்டிருந்தார்கள். குளிருக்குப் புதியவர்கள், ஆனால் இருட்டுக்கு அவர்களுள் பலர் பழையவர்கள். 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்ட பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோயிற்று. நின்றது மீண்டு வரும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்த ஜனங்கள், வாரங்கள் மாதங்களாகி மாதங்கள் வருஷங்களானதைக் கண்டார்கள். பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெயும் அரும்பொருளாயிற்று. அப்போது வீட்டுக்கு வீடு எரிந்தது ஜாம் போத்தல் விளக்கு. காலியான ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை இட்டு, அதில் சொட்டுக் கணக்கில் மண்ணெண்ணெயை ஊற்றி, மெல்லிய திரியைக் கம்பியில் தாங்கி, சுடர் போத்தலுக்கு உள்ளேயே நின்று எரியும்படி அமைத்த விளக்கு அது. எண்ணெய் ஊறிய பஞ்சு கவிழ்ந்தாலும் சிந்தாது. கண்ணாடிச் சுவர் காற்றைத் தடுக்கும். திரியின் நுனி மட்டும் எரிவதால் ஒரு சிறு அளவு எண்ணெயில் பல இரவுகள் ஓடும். சிக்கன விளக்கு என்று ஜனங்கள் அதற்குச் சூட்டிய பெயர் முற்றிலும் பொருந்தும். அந்த வெளிச்சத்தில் ஒரு தலைமுறை மாணவர்கள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். அச்சுக் காகிதம் வராமையால் நாளிதழ்கள் கோடு போட்ட அப்பியாசக் கொப்பித் தாளில் அச்சாகி வந்தன.

யாழ்ப்பாணத்தார் சீட்டாட்டத்தில் வைத்திருக்கும் பிரீதி ஊரறிந்தது. அவர்களுடைய ஆட்டம் முந்நூற்று நாலு. ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2 என்று சீட்டுகளுக்கு மதிப்பு. கூட்டினால் ஒரு ஜாதிக்கு 76, நாலு ஜாதிக்கும் சேர்த்து 304. ராஜாவையும் ராணியையும் தள்ளிவிட்டு வேலையாளாகிய ஜாக் மேலேறி உட்காருகிற இந்த ஒழுங்கில் ஏதோ ஒரு சமுதாயத் தத்துவம் ஒளிந்திருப்பதாக எனக்குப் படும்; ஆடுகிறவர்கள் அதற்கெல்லாம் நிற்பதில்லை. நாலு பேர், எதிரெதிரே உட்கார்ந்த இருவர் ஒரு கட்சி. கேள்வி கேட்டு ஏலம் எடுத்தவர் தம் துரும்பைத் தேர்ந்து மேஜைமேல் கவிழ்த்து வைக்கிறார். அது வெளிப்படும் வரையில் மற்ற மூவரும் ஊகத்திலேயே ஆடவேண்டும். ஏற்கெனவே பாதி இருட்டான அறையில், மீதி இருட்டையும் தாமே சிருஷ்டித்துக்கொண்டு ஆடுகிற ஆட்டம் இது. யாழ்ப்பாணத்துத் திண்ணையில் ஜாம் போத்தல் வெளிச்சத்தில் இதை ஆடிப் பழகியவருக்கு மொன்றியாலின் மெழுகுவர்த்தி ராஜ போகமாகவே தோன்றியிருக்க வேண்டும். வித்தியாசம் குளிரில் இருந்தது. சட்டையில்லாமல் திண்ணையில் உட்கார்ந்து விளையாடிய கைக்குக் கம்பளி உறை மாட்டிக்கொண்டு சீட்டுக் கலைப்பது எளிதன்று.

சீட்டைப் பற்றி நம் பெரியவர்கள் நல்ல அபிப்பிராயம் கொண்டிருக்கவில்லை. ஆட்டமென்றாலே காலவிரயம் என்று கடிந்தவர்கள் அவர்கள். எனினும் மார்கழி மாதத்தின் குளிரிலே வைகுண்ட ஏகாதசி இரவு முழுவதும் கண்விழித்திருக்க வேண்டுமென்று விதித்தவர்களே, அந்த இரவைக் கழிக்கப் பரமபத சோபன படத்தையும் விரித்துக் கொடுத்தார்கள். பசியும் தூக்கமும் ஒருசேர வந்து தாக்கும்போது பக்தி மாத்திரம் மனிதனை விடியும் வரையில் விழித்திருக்கச் செய்துவிடாது என்பதை உணர்ந்த அநுபவசாலிகள் அவர்கள். பாம்பு இறக்கும், ஏணி ஏற்றும். தாயக்கட்டை உருளுகிற சப்தத்தில் நாலாம் ஜாமம் வந்துவிடும்.

இருளும் குளிரும் கூடிய இரவைப் பற்றிய நிபுணர்கள் என்று யாரையேனும் சொல்லவேண்டுமானால் துருவப் பிரதேசங்களுக்குப் போன மாலுமிகளைத்தான் சொல்லவேண்டும். 1819ஆம் ஆண்டு, அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக்குக்கு வடமேற்கே ஒரு கடல்வழி உண்டா என்று தேடிப்போன ஆங்கிலேயத் தளபதி வில்லியம் எட்வர்ட் பாரி, ஹெக்லா, கிரைப்பர் என்னும் இரண்டு கப்பல்களோடு மெல்வில் தீவின் ஓரத்தில் பனிக்கட்டிக்குள் சிக்கி, அங்கேயே குளிர்காலம் முழுவதையும் கழித்தார். ஏறத்தாழ மூன்று மாதம் சூரியன் உதயமாகவில்லை. ஸ்கர்வி என்னும் நோய்க்கு எவ்வளவு பயந்தாரோ அவ்வளவு சோம்பலுக்கும் பயந்தவர் பாரி. வேலையில்லாத மாலுமி முதலில் முணுமுணுப்பான், பிறகு படுத்துவிடுவான், அப்புறம் எழுந்திருக்கமாட்டான் என்று அவருக்குத் தெரியும். ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கப்பல்தளத்தில் நாடகம் போடும்படி அதிகாரிகளை ஏவினார்; தாமும் வேஷம் கட்டினார். மேடையிலேயே உறைநிலைக்குக் கீழான குளிர். கதாநாயகி வேஷத்தில் நின்ற இளம் அதிகாரி மெல்லிய உடையில் நடுங்கியிருப்பார் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். நாடகத்தோடு ஒரு வாரப் பத்திரிகையும் தோன்றிற்று. கப்பலில் இருந்த விஞ்ஞானியான எட்வர்ட் சபைன் அதற்கு ஆசிரியர். அச்சு இயந்திரம் கிடையாது; அதிகாரிகள் பெயர் போடாமல் எழுதிக்கொடுத்த விகடங்களையும் செய்யுட்களையும் கையால் பிரதிசெய்து வெளியிட்டார். 21 இதழ்கள் வந்தன. எல்லாரும் எல்லாரையும் அறிந்த இரண்டு கப்பல்களில் புனைபெயரில் எழுதுவதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! பத்திரிகாசிரியர்கள் படுகிற பாடு எனக்குக் கொஞ்சம் தெரியுமாகையால், எழுதாமல் டிமிக்கி கொடுக்கிற அதிகாரிகளிடம் சபைன் விஷயதானம் கேட்டு நடந்திருப்பதை மனக்கண்ணால் காணமுடிகிறது.

90 வருஷங்களுக்குப் பிறகு பூமியின் மறு கோடியில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1908ஆம் ஆண்டுத் துருவ இரவில், தென்துருவக் கண்டத்தின் ராய்ட்ஸ் முனையில், எர்னஸ்ட் ஷாக்கிள்டனும் அவருடைய குழுவினருமாகப் 15 பேர் ஒரே குடிசையில் அடைபட்டிருந்தபோது, கப்பலில் கொண்டுவந்திருந்த சிறிய அச்சு இயந்திரத்தில் ஒரு புத்தகத்தையே அச்சிட்டுவிட்டார்கள். ஜாய்ஸும் வைல்டும் அச்சுக் கோத்தார்கள்; மார்ஸ்டன் சித்திரம் வரைந்தார்; பெர்னார்ட் டே சாமான் வந்த பெட்டிகளின் மெல்லிய பலகைகளை இழைத்து மெருகிட்டு அட்டை போட்டார். குளிரில் மை இறுகி உருளையில் பரவ மறுக்கவே, எழுத்துப் பெட்டியின் கீழே ஒரு விளக்கையும், மை தடவுகிற தகட்டின் கீழே எரிகிற மெழுகுவர்த்தியையும் வைத்து இளக்கினார்களாம். 'அரோரா ஆஸ்ட்ராலிஸ்' என்பது அந்தப் புத்தகம்; ஏறத்தாழ நூறு பிரதிகள்தான். இன்றைக்கும் அவற்றுள் சிலவற்றின் அட்டையைத் திறந்தால், வெண்ணெய் என்றும் ஆட்டிறைச்சிக் குழம்பு என்றும் பெட்டியின்மேல் முத்திரையிட்டிருந்த எழுத்துக்கள் அப்படியே தெரியும். புத்தகச் சேகரிப்பாளர்கள் அந்த முத்திரைகளைக் கொண்டே ஒவ்வொரு பிரதியையும் அடையாளம் சொல்கிறார்கள்.

பாரியின் கப்பலிலும் ஷாக்கிள்டனின் குடிசையிலும் புத்தகத்துக்கு நேர்ந்த கதியைக் கவனித்தால் ஒன்று விளங்கும். தனியே மூலையில் உட்கார்ந்து படிப்பது என்பது அங்கே பின்தங்கிவிட்டது. புத்தகமும் பத்திரிகையும் நாலு பேர் கூடிச் செய்கிற காரியமாக, அதாவது ஒருவகை ஆட்டமாக, மாறிவிட்டன. மின்சாரம் போன வீட்டிலும் அதுவே நடக்கிறது. நாலு சுடர் இல்லாத இடத்தில் புத்தகத்துக்கு உள்ள ஒரே மோட்சம், ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்பது. ஒரு சுடர், ஒரு புத்தகம், ஒரு குரல். கேட்கிறவர்களுக்கு வெளிச்சமே வேண்டாம். போர்வைக்குள் சுருண்டு கிடந்து காதை மட்டும் வெளியே நீட்டலாம்.

நமக்கு இது புதிதன்று. ஊர்ச் சாவடியில் பாரதம் படித்த காலம் போகட்டும். இரத்தின நாயகர் முதலானோர் அச்சிட்டுச் சந்தைதோறும் விற்ற பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையையும் பெரிய எழுத்து நல்லதங்காள் கதையையும் நினைத்துப் பாருங்கள். எண்ணெய் விளக்கின் முன் உட்கார்ந்து, எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவன், எழுத்தறியாத பத்துப் பேருக்குப் படித்துச் சொல்வதற்கு வாகாக அமைந்தவை அவை. எழுத்து பெரிதாயிருந்ததில் கண்ணுக்கு உபகாரம். கதைக்குள் கதையாக வேதாளம் சொல்லிக்கொண்டே போனதில் இரவுக்கு உபகாரம். எண்ணெய் தீரும் இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். மறுநாள் வேதாளம் மீண்டும் முருங்கைமரம் ஏறியிருக்கும். பிற்காலத்தில் வாரப் பத்திரிகைகளின் தொடர்கதைகளையும் இவ்விதமே வீட்டில் ஒருவர் வாசிக்க எல்லாரும் கேட்டார்கள்.

எல்லாப் புத்தகமும் இதற்கு ஏற்றதன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். மனத்தின் நுட்பமான சலனங்களை மூன்று பக்கத்துக்கு ஆராய்கிற நவீன நாவலை உரக்கப் படித்தால் கேட்கிறவர்கள் பத்தாவது நிமிஷத்தில் உறங்கிவிடுவார்கள். குளிர் இரவில் அதுவே நோக்கமாயின் ஆட்சேபமில்லை. துப்பறியும் கதையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன்: படிக்கிறவர் முகத்தைப் பார்த்தே குற்றவாளி யாரென்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். யாத்திரை நூல், பிரயாணக் கதை, சம்பாஷணை மிகுந்த கதை, பேய்க் கதை ஆகியவை உத்தமம். கவிதை உத்தமோத்தமம், படிக்கிறவருக்குப் படிக்கத் தெரிந்தால்.

இப்படியெல்லாம் எழுதிக்கொண்டு போகும்போது, மின்தடையே ஒரு திருவிழா என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. கியூபெக்கின் பனிமழையிலும் அதன் பின்விளைவுகளிலும் ஏறத்தாழ முப்பது பேர் இறந்தார்கள். குளிரில் விறைத்து இறந்தவர் உண்டு. சூடேற்றுவதற்காக வீட்டுக்குள்ளேயோ வாகனக் கொட்டகையிலோ ஓடவிட்ட இயந்திரங்களின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவைச் சுவாசித்து இறந்தவர் உண்டு. வீடு தீப்பற்றி இறந்தவரும் உண்டு. அந்த வாரங்களில் கர்ப்பிணிகளாயிருந்த பெண்களையும் அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளையும் மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூசன் கிங் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து, தாய் அநுபவித்த கஷ்டத்தின் சுவடு குழந்தையின் வளர்ச்சியில் தென்படுவதை எடுத்துக்காட்டியிருக்கிறார். பலகையை எடுத்து விளையாட உட்கார்ந்தவர்கள் யார் என்று கேட்டால், விறகடுப்பு உள்ளவர்கள், அல்லது விறகடுப்பு உள்ளவர் வீட்டுக்கு அழைக்கப்பட்டவர்கள் என்பதே பதில். மற்றவர்களுக்குப் பள்ளிக்கூடங்களில் திறந்த முகாம்களும் வரிசையாகப் போட்ட கட்டில்களும் கிடைத்தன. புத்தகமும் ஆட்டமும் வெப்பத்துக்குப் பிந்தியவை. முதலில் அடுப்பு, பிறகு சோறு, பிறகு விளக்கு, அதற்கப்புறந்தான் குரோக்கினோலும் விக்கிரமாதித்தனும்.

நம் பக்கத்தில் பனிமழை கிடையாது. ஆனால் ஐப்பசியிலிருந்து மார்கழி வரையில் வங்காள விரிகுடா நம்மை மறப்பதில்லை. 2011 டிசம்பர் 30ஆம் தேதி கடலூர்ப் பக்கத்தைத் தாக்கிய தானே, 2016 டிசம்பர் 12ஆம் தேதி சென்னையைப் புரட்டிய வர்தா, 2018 நவம்பர் 16ஆம் தேதி வேதாரண்யத்தருகே கரையேறிய கஜா என்று பெயர்களை நாம் மறக்கவில்லை. கஜா ஒன்று மாத்திரம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. கியூபெக்கில் முறிந்ததைப் போல மும்மடங்கு அது. டெல்டாவின் உட்கிராமங்கள் சில வாரக் கணக்கில் இருளில் கிடந்தன. கைப்பேசியின் மின்கலம் முதல் நாள் இரவே தீர்ந்துபோகும். அதற்குப் பிறகு வருகிற இரவுகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஆகவே, பருவமழைக்கு முன் மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் வாங்கி வைக்கிற வாசகர்கள், அதே அலமாரியில் ஒரு சீட்டுக்கட்டையும், ஒரு தாயக்கட்டையையும், பெரிய எழுத்தில் அச்சான ஒரு நல்ல கதைப் புத்தகத்தையும் சேர்த்து வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் அதை வீட்டுக்கு வெளியே, ஜன்னலுக்கு எட்டத்தில் மட்டுமே ஓடவிடுங்கள். கரியடுப்பை மூடிய அறைக்குள் மூட்டாதீர்கள். உரக்கப் படிக்க வேண்டியவர் வீட்டில் யார் என்பதை இப்போதே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். கண்ணாடி மாற்றவேண்டியவராயிருந்தால் ஐப்பசிக்குள் மாற்றிவிடச் சொல்லுங்கள்.